எத்தனை கூடிச்சுன்னு மட்டும் போட்டா போதாது, தலைக்கு எவ்வளவுன்னும் போடுங்க

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நாமக்கல் பக்கம் பிளஸ் டூ பசங்களுக்கு விலங்கியல் எடுக்கறவன், வீட்ல குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விவசாயமும் உண்டு. பேப்பர்ல விலங்கு, பூச்சி, ஜனத்தொகை பத்தி எண்ணிக்கை செய்தி எது வந்தாலும் வெட்டி வச்சு கிளாஸ்ல பசங்களோட பேசறது வழக்கம். அப்படி பேசும்போதெல்லாம் ஒரே இடத்துல வந்து முட்டிக்குது, அத பத்திதான் இந்த கடிதம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

வரையாடு கணக்கெடுப்பையே எடுத்துக்கங்க. தமிழ்நாட்டுல 2024-ல 1,031, 2025-ல 1,303. எல்லா பேப்பர்லயும் 272 கூடிருச்சுன்னு வந்துச்சு, நம்ம மாநில விலங்கு, சந்தோஷமான செய்திதான். ஆனா அந்த 272-ங்கறது எத்தனை ஆட்டுக்கு 272? 1,031-க்கு. அப்படின்னா நூறு ஆட்டுக்கு 26, அதுவும் ஒரே வருஷத்துல. இப்ப வரையாட்டோட வாழ்க்கைய நினைச்சு பாருங்க, பெண் ஆடு ஒரு ஈத்துக்கு பொதுவா ஒரே ஒரு குட்டிதான் போடும், கூட்டத்துல கிடா இருக்கு, இன்னும் ஈனாத இளசு இருக்கு, பொறந்த குட்டில ஒரு பங்கை சிறுத்தையும் செந்நாயும் குளிரும் கொண்டு போயிடும், வயசானதுகளும் சாகும். இதெல்லாம் கழிச்ச பிறகும் நூத்துக்கு 26 கூடணும்னா அது ரொம்ப பெரிய வேகம். ரெண்டாவது தடவை கூடுதலான இடங்கள்ல போய் எண்ணினாங்கங்கறதையும் சேர்த்து பார்த்தாத்தான் இந்த எண்ணுக்கு அர்த்தம் புரியும், அதாவது கொஞ்சம் பொறந்தது, கொஞ்சம் ஏற்கனவே இருந்து போன தடவை கண்ணுல படாதது. கணக்கெடுத்தவங்க மேல இதுல ஒரு குறையும் இல்ல, நல்லா எண்ணினா அப்படித்தான் ஆகும். செய்தியில 272-ன்னு மொட்டையா போட்டுட்டா இந்த கேள்வியே படிக்கறவங்களுக்கு வராது, நூத்துக்கு 26-ன்னு போட்டிருந்தா யாராவது ஒருத்தராவது "ஒரு வருஷத்துல இது முடியுமா?"ன்னு கேட்டிருப்பாங்க.

இதைத்தான் உயிரியல்ல பெர் கேபிடா வளர்ச்சி வீதம்னு சொல்றோம், தலைக்கு எத்தனை கூடுதுங்கற கணக்கு. பொறந்ததை மொத்த எண்ணிக்கையால வகுத்தா தலைக்கு பிறப்பு, செத்ததை வகுத்தா தலைக்கு இறப்பு, ஒண்ணுல இருந்து ஒண்ணை கழிச்சா கிடைக்கறது ஆர். பசங்க பரீட்சைக்கு டிஎன் பை டிடி சமம் ஆர் என்-னு, அதாவது மொத்தம் கூடற வேகம் ஆர்-ஐ என்-ஆல பெருக்கினதுன்னு, மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்துடறாங்க, ஆனா அந்த சின்ன ஃபார்முலாவுல ரெண்டு தனித்தனி விஷயம் இருக்குன்னு யாரும் நிறுத்தி சொல்றதில்ல. என்-ங்கறது எத்தனை பேர் இருக்காங்க, ஆர்-ங்கறது ஒவ்வொருத்தரும் தன் பங்குக்கு எவ்வளவு சேர்க்கறாங்க. ஆர் மாறாம அப்படியே இருந்தா மொத்தம் ஏறிக்கிட்டே போகும், ஏறற வேகமும் ஏறிக்கிட்டே போகும், அதுதான் எக்ஸ்பொனென்ஷியல் வளர்ச்சி. வட்டிக்கு வட்டி ஏறற கடனுக்கும் இதுதான் கணக்கு, வட்டி வீதம் மாறவே மாறாது, ஆனா கட்ட வேண்டிய தொகை மட்டும் பயமுறுத்தும்.

இன்னொண்ணு, எக்ஸ்பொனென்ஷியல்னா வேகமானதுன்னு ஒரு நினைப்பு நிறைய பேருக்கு இருக்கு, டிவில பேசறவங்க கூட அப்படித்தான் சொல்றாங்க. தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் பார்க்ல வேட்டைய நிறுத்தி பாதுகாப்பு குடுத்த பிறகு யானைகள் கிட்டத்தட்ட அறுபது வருஷம் எக்ஸ்பொனென்ஷியலாத்தான் பெருகிச்சு. யானை 22 மாசம் சுமந்து ஒரே ஒரு கன்னு போடற பிராணி, அதுவும் நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. மெதுவாவும் எக்ஸ்பொனென்ஷியலா பெருகலாம், ஆர் சின்னதா இருந்தா வளைவு ரொம்ப நாள் தட்டையா கிடக்கும், அவ்வளவுதான்.

இப்ப எங்க ஊர் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா எனக்கு இந்த கணக்கு புத்தகத்துல இருந்து புரிஞ்சதை விட பப்பாளி மாவுப்பூச்சியில இருந்துதான் அதிகமா புரிஞ்சது. 2008-ல கோயமுத்தூர்ல முதல்ல தெரிஞ்சது, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்து பூச்சி, எப்படியோ இங்க வந்து சேர்ந்துச்சு. பப்பாளியில ஆரம்பிச்சு குச்சிக்கிழங்கு, மல்பெரி, பருத்தி, வேலியில இருக்கற செம்பருத்தி வரைக்கும் எதையும் விடல. பார்க்காதவங்களுக்காக சொல்றேன், பப்பாளி இலைய திருப்பி பார்த்தா நரம்பு ஓரமா பஞ்ச பிச்சு ஒட்ட வச்ச கணக்கா வெள்ளையா இருக்கும், தொட்டா மாவு விரல்ல ஒட்டும், நசுக்கினா மஞ்ச தண்ணி வரும், அது விடற பிசுபிசுப்புக்கு எறும்பு வரிசையா ஏறும், அந்த பிசுபிசுப்பு மேல கரும்பூசணம் புடிச்சு இலையும் காயும் கரி பூசின மாதிரி ஆயிடும். குச்சிக்கிழங்குல நுனி சுருண்டு கொத்தா நின்னுடும், கிழங்கு இறங்காது. ஜவ்வரிசி ஆலைக்கு லோடு அனுப்பற எங்க ஏரியாவுக்கு அது என்ன அடின்னு சேலம், நாமக்கல், தர்மபுரி விவசாயிகளுக்கு தெரியும், மல்பெரிய இழந்து பட்டுப்புழு வளர்ப்பையே நிறுத்தினவங்களும் உண்டு.

இங்கதான் கணக்கு வருது. ஒரு தாய்ப்பூச்சி நூறுல இருந்து ஐநூறு அறுநூறு முட்டை வரைக்கும் ஒரு வெள்ளை பைக்குள்ள வைக்கும், நம்ம வெயிலுக்கு ஒரு தலைமுறை சுமாரா ஒரு மாசம். கணக்குக்காக ஒரு தாய்க்கு 200 முட்டை, அதுல 100 பெண்ணுன்னு வச்சுக்குவோம். இந்த 100 மகள்ல 99 செத்து ஒண்ணே ஒண்ணு தாயாகி முட்டை வச்சா, அம்மா போன இடத்துக்கு ஒரு மகள், எண்ணிக்கை கூடவும் இல்ல குறையவும் இல்ல. 98 செத்து 2 பிழைச்சா மாசத்துக்கு ரெண்டு மடங்கு, 12 மாசத்துல ஒரு பூச்சி 4,096 ஆகும். 95 செத்து 5 பிழைச்சா? மாசத்துக்கு அஞ்சு மடங்கு, 12 மாசத்துல 24 கோடியே 41 லட்சம். திரும்ப ஒரு தடவை படிங்க. நூத்துல 99 சாவு, 98 சாவு, 95 சாவு, வெளியில இருந்து பார்க்கறவனுக்கு மூணும் ஒண்ணுதான், எல்லாமே கிட்டத்தட்ட அத்தனையும் செத்துடுதுன்னுதான் தோணும். ஆனா வருஷ கடைசியில ஒண்ணு, நாலாயிரம், 24 கோடி. நான் கிளாஸ்ல இந்த மூணு எண்ணையும் போர்டுல எழுதினா பசங்க கொஞ்ச நேரம் பேசவே மாட்டாங்க.

மெக்சிகோவுல அந்த பூச்சி பெரிய தொந்தரவே இல்ல. அங்கயும் அதே முட்டைதான் வைக்குது, பிறப்பு வீதம் மாறல, அங்க அதை தின்னு வாழற குட்டி குளவிகள் இருக்கு, இங்க இல்ல. வித்தியாசம் மொத்தமும் தலைக்கு இறப்புல இருக்கு. நம்மாளுங்க என்ன பண்ணினாங்கன்னா மருந்துக்கடையில எதை குடுத்தாங்களோ அதை அடிச்சாங்க, பத்து நாளுக்கு ஒரு தடவை, கடன வாங்கி அடிச்சவங்களும் இருக்காங்க. மருந்து அடிச்சு நூத்துல 90 பூச்சி செத்துச்சுன்னு வச்சாலும் மாசத்துக்கு அஞ்சு மடங்கு பெருகற பூச்சி ஒன்றரை மாசத்துக்குள்ள பழைய எண்ணிக்கைக்கு திரும்பிடும், ஏன்னா மருந்து குறைச்சது என்-ஐ, ஆர் அப்படியே நிக்குது. சொல்லப்போனா ஆர் கூடத்தான் செஞ்சிருக்கும், மாவுப்பூச்சிக்கு மேல மெழுகு போர்வை இருக்கு, மருந்து சரியா இறங்காது, அதை தின்ன வர்ற பொறிவண்டுக்கு அந்த போர்வை கிடையாது, அது செத்துடும்.

2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து மூணு வகை குளவிகளை பெங்களூர்ல இருக்கற மத்திய அரசோட பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் மூலமா கொண்டு வந்தாங்க, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி விவசாயிகளுக்கு குடுத்தாங்க. அதுல அசிரோபேகஸ் பப்பாயேங்கற குளவிதான் ரொம்ப நல்லா வேலை செஞ்சுது. குளவின்னா கொட்டற குளவி இல்ல, கண்ணுக்கு தூசி அளவுதான் தெரியும். மாவுப்பூச்சி குஞ்சு உடம்புக்குள்ள முட்டை வச்சுடும், உள்ளயே தின்னு வளர்ந்து வெளிய வரும். லென்ஸ் வச்சு இலைய பார்த்தா பழுப்பு நிறத்துல உப்பி இறுகிப்போன மாவுப்பூச்சி கூடு இருக்கும், அதுல வட்டமா ஒரு ஓட்டை, குளவி வெளிய போன வாசல். அந்த ஓட்டைய பார்த்த அன்னிக்கு எனக்கு வந்த நிம்மதிய சொல்லி முடியாது. குளவியும் பெருகுது பாருங்க, அதுக்கும் ஒரு ஆர் இருக்கு, மாவுப்பூச்சி நிறைய இருக்கற வரைக்கும் அதுவும் எக்ஸ்பொனென்ஷியலா பெருகும், மருந்து டப்பா தன்னால பெருகாது. அடுத்த வருஷத்துக்குள்ள பெரும்பாலான தோட்டங்கள்ல மாவுப்பூச்சி அடங்கிடுச்சு. 95 சாவை 99-க்கு மேல தள்ளினது மட்டும்தான் அந்த குளவி செஞ்ச வேலை.

அந்த ரெண்டு வருஷமும் செய்தி வந்துச்சு, வராம இல்ல. இத்தனை ஏக்கர் பாதிப்பு, இத்தனை மாவட்டம், இவ்வளவு நஷ்டம். எல்லாமே மொத்தம்தான். மாசத்துக்கு எத்தனை மடங்குங்கற ஒரு எண்ணு அதுல இருந்திருந்தா எங்க ஊர் ஆளுங்க பத்தாவது தடவை மருந்தடிக்க கடன் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாங்கன்னு நான் மனசார நம்பறேன்.

ஏரி செய்தியும் இதே கதைதான். ஜேசிபி வச்சு ஆகாயத்தாமரைய அள்ளற போட்டோ போட்டு இத்தனை டன் அகற்றம்னு வருது. சாக்கடை தண்ணி கலக்கற ஏரியில அது ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாகக்கூடிய செடி, நாலுல மூணு பங்க அள்ளினாலும் ஒரு மாசத்துல பழையபடி மூடிடும். எத்தனை டன்னுங்கறதை விட சாக்கடைய நிறுத்தினாங்களாங்கறதுதான் முக்கியம், ஏன்னா செடியோட வீதத்தை தீர்மானிக்கறது அதுல வர்ற சத்துதான்.

இன்னொரு கதையையும் சொல்லியாகணும், மொத்தத்தை மட்டும் பார்த்தா எப்படி ஏமாந்து போவோம்ங்கறதுக்கு இத விட தெளிவான கதை எனக்கு தெரியாது. அலாஸ்காவுக்கு மேற்கே பெரிங் கடல்ல செயின்ட் மேத்யூன்னு ஒரு ஆளில்லாத தீவு. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல அமெரிக்க கடலோர காவல்படை அங்க ஒரு ரேடியோ நிலையம் வச்சிருந்தாங்க, அதுல இருந்தது 19 பேர். சாப்பாட்டு கப்பல் வர முடியாம போனா அவசரத்துக்கு ஆகும்னு 1944-ல 29 ரெயின்டீர் மான்களை கொண்டு போய் விட்டாங்க, 24 பெண், 5 ஆண். போர் முடிஞ்சு ஆளுங்க கிளம்பிட்டாங்க, மான் மட்டும் அங்கயே நின்னுடுச்சு. ஓநாய் கிடையாது, வேட்டைக்காரன் கிடையாது, தரையெல்லாம் பல அங்குலம் தடிமனுக்கு லைக்கன்ங்கற, பாசி மாதிரி படர்ற உயிரோட மெத்தை, பனிக்காலத்துல அதுதான் அதுங்களுக்கு தீனி.

1957-ல டேவிட் கிளைன்ங்கற உயிரியலாளர் போய் எண்ணினப்போ 1,350. 1963-ல திரும்ப போனப்போ 6,000. இதை நம்ம செய்தி பாணியில எழுதினா எப்படி வரும்? முதல் 13 வருஷத்துல வருஷத்துக்கு சராசரியா நூறு மான் கூடிச்சு, அடுத்த 6 வருஷத்துல வருஷத்துக்கு 775 கூடிச்சு, மான் பெருக்கம் ஏழு மடங்கு வேகம்னு வரும். இப்ப தலைக்கு கணக்கு போடுங்க. முதல் 13 வருஷத்துல வருஷத்துக்கு நூத்துக்கு 34, அடுத்த 6 வருஷத்துல நூத்துக்கு 28. குறைஞ்சிருக்கு! மொத்தம் தாறுமாறா ஏறிக்கிட்டு இருந்த அதே நேரத்துல ஒவ்வொரு மானும் சேர்க்கற பங்கு ஏற்கனவே கீழ இறங்க ஆரம்பிச்சிடுச்சு. கிளைன் எடுத்த மத்த அளவுகளும் அதையேதான் சொல்லுது, 1957-ல நூறு வளர்ந்த பெண் மானுக்கு 75 கன்னு இருந்துச்சு, 1963-ல 60. பெண் மானோட சராசரி எடை 38 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, ஆண் மானுக்கு 43 சதவீதம். லைக்கன் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், மான் ரெண்டரை வருஷத்துக்குள்ள ரெட்டிப்பாகும், ரெண்டு வீதமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தவே பொருந்தாது. மெத்தையா இருந்த லைக்கன் மிதிபட்டு மேய்ஞ்சு தரை தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

1963-64 பனிக்காலம் ரொம்ப கடுமையா இருந்துச்சு, கிட்டத்தட்ட மொத்த மந்தையும் அந்த ஒரு குளிர்ல செத்துப்போச்சு. 1966-ல கிளைன் திரும்ப போனப்போ உயிரோட இருந்தது 42. அதுல 41 பெண், ஒரே ஒரு ஆண், அந்த ஆணுக்கும் கொம்பு ஒழுங்கா இல்ல, கன்னு ஒண்ணு கூட இல்ல. 1980-கள்ல அந்த தீவுல ரெயின்டீரே இல்லாம போச்சு. 1963-ல யாராவது மொத்தத்தை மட்டும் எண்ணி செய்தி போட்டிருந்தா "வரலாறு காணாத உச்சம்"னு தலைப்பு வச்சிருப்பாங்க, அது பொய்யும் இல்ல. தலைக்கு கன்னு எத்தனைன்னு கேட்டிருந்தாத்தான் ஆபத்து தெரிஞ்சிருக்கும்.

மனுஷ ஜனத்தொகை செய்தியிலயும் இந்த குழப்பம் இருக்கு, அங்க இது அரசியலாவும் ஆயிடுது, அதனால இன்னும் கவனம் வேணும். 1961-ல இருந்து 71 வரைக்கும் இந்தியாவுல கூடினது சுமார் 10.9 கோடி பேர், வளர்ச்சி 24.8 சதவீதம். 2001-ல இருந்து 2011 வரைக்கும் கூடினது 18 கோடிக்கு மேல, வளர்ச்சி 17.7 சதவீதம். கூடினவங்க எண்ணிக்கை பெரிசு, ஆனா வீதம் நல்லாவே இறங்கியிருக்கு. 1991-2001-லயும் அதே 18 கோடி சொச்சம்தான் கூடிச்சு, அப்ப வீதம் 21.5. ஒரே 18 கோடி, ரெண்டு பத்தாண்டுக்கும் நடுவுல எவ்வளவோ மாறியிருக்கு, பொண்ணுங்க படிச்சிருக்காங்க, கல்யாண வயசு தள்ளிப்போயிருக்கு, குழந்தைங்க பொழைக்கறாங்க, அதனால கம்மியா பெத்துக்கறாங்க. "பத்து வருஷத்துல 18 கோடி"ன்னு மட்டும் எழுதினா இந்த மாற்றம் எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடுது, எங்க பாட்டி காலத்துல இருந்த மாதிரியே இப்பவும் வீட்டுக்கு ஆறேழு பிள்ளைங்கன்னு ஒரு பிம்பம் வருது, அப்புறம் யார் மேலயாவது பழி போடறதுக்கு அந்த எண்ணையே தூக்கிட்டு வர்றாங்க. வீதம் இறங்கின பிறகும் ஏன் மொத்தம் ஏறுதுன்னு பசங்க கேப்பாங்க. பெருக்கிப் பாருடான்னு சொல்வேன், வீதம் இறங்கினாலும் அதை பெருக்கற அடி எண்ணு அதுக்குள்ள ரெட்டிப்புக்கு மேல ஆயிடுச்சு, போன தலைமுறையில பொறந்தவங்க எல்லாம் இப்ப அம்மா அப்பா ஆகற வயசுல இருக்காங்க.

வளர்ச்சி மட்டும் இல்ல, அழிவும் எக்ஸ்பொனென்ஷியலாத்தான் நடக்கும், ஆர் பூஜ்யத்துக்கு கீழ போனா அதே வளைவு தலைகீழா இறங்கும். நம்ம பாறு கழுகுங்க கதை அதுதான். மாட்டுக்கு வலிக்கு போடற டைக்ளோஃபினாக் மருந்து, அந்த மாடு செத்து அதை தின்ன கழுகுக்கு சிறுநீரகம் செயலிழந்து சாவு. வெண்முதுகு பாறு கழுகு இந்தியாவுல 1992-க்கும் 2007-க்கும் நடுவுல 99 சதவீதத்துக்கும் மேல அழிஞ்சுது, ஒரு கட்டத்துல வருஷத்துக்கு நூத்துக்கு 44 வீதம் போயிட்டு இருந்துச்சு. ஆயிரம் கழுகு இருந்தா அடுத்த வருஷம் 560, அப்புறம் 314, 176, 98, அஞ்சாவது வருஷம் 55. இதுல என் மனச ரொம்ப உறுத்தற விஷயம் என்னன்னா, இவ்வளவு பெரிய அழிவுக்கு செத்த மாடுகள்ல நூத்துக்கு ஒண்ணுல கூட விஷ அளவுக்கு மருந்து இருக்க வேண்டியதில்ல, அதுக்கும் கம்மியா இருந்தாலே போதும்னு விஞ்ஞானிங்க கணக்கு போட்டு காட்டினாங்க. ஏன்னா கழுகு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் வைக்கும், தலைக்கு பிறப்பு அவ்வளவு குறைவு, கூட்டம் கூட்டமா வந்து ஒரே மாட்டை திங்கும், ஒரு பொணத்துல விஷம் இருந்தா ஒரு கூட்டமே போச்சு. மாவுப்பூச்சியில 95 செத்தும் 24 கோடி, கழுகுல தலைக்கு சாவு கொஞ்சம் ஏறினதுக்கே கூண்டோட அழிவு. 2006-ல கால்நடைக்கு அந்த மருந்த தடை பண்ணினாங்க, நீலகிரியில மோயாறு பக்கம் இன்னும் கொஞ்சம் பாறு கழுகு மிச்சம் இருக்கு. அங்க ரெண்டு கழுகு செத்துச்சுன்னு செய்தி வந்தா அது சின்ன செய்தி இல்ல சார், தயவுசெஞ்சு ஓரத்துல போடாதீங்க.

தெருநாய் விஷயத்த ரெண்டே வரியில முடிச்சுக்கறேன், அதுக்கு தனியா ஒரு கடிதமே வேணும். இத்தனை ஆயிரம் நாய்க்கு கருத்தடைன்னு போடறீங்க, ஊர்ல மொத்தம் எத்தனை நாய், அதுல பெண் நாய் எத்தனைன்னு போடாம அந்த எண்ணு ஒண்ணும் சொல்லாது, 100 நாய் இருக்கற ஊர்ல 70-க்கு பண்ணினா குட்டி குறையும், 1,000 இருக்கற ஊர்ல அதே 70 இருந்த இடம் தெரியாம போயிடும்.

அதனால ஆசிரியர் அவர்கள்கிட்ட நான் கேக்கறது இதுதான். எண்ணிக்கை செய்தி எது வந்தாலும் கூடவே ஒரு சின்ன பாக்ஸ் போடுங்க. போன தடவை எவ்வளவு, இந்த தடவை எவ்வளவு, நடுவுல எத்தனை வருஷம், வருஷத்துக்கு நூத்துக்கு எவ்வளவு கூடிச்சு இல்லைன்னா குறைஞ்சுது, ரெண்டு தடவையும் ஒரே இடங்கள்லதான் எண்ணினாங்களா. இதுக்கு பெரிய நிபுணர் தேவையில்ல, உங்க நிருபர் அதிகாரிகிட்ட ரெண்டு கேள்வி கூட கேட்டா போதும், போன்ல இருக்கற கால்குலேட்டர் போதும். முடிஞ்சா குட்டி, கன்னு, இளசு எத்தனைங்கறதையும் கேட்டு போடுங்க, அடுத்த அஞ்சு வருஷம் எப்படி இருக்கும்னு அதுதான் முன்கூட்டியே சொல்லும்.

இதை இப்ப அவசரமா கேக்கறதுக்கு காரணம் இருக்கு. 2020-ல கேரளாவுல குச்சிக்கிழங்குக்குன்னே ஒரு புது மாவுப்பூச்சி தெரிஞ்சு அப்புறம் எங்க பக்கமும் வந்துடுச்சு, அது பழைய பப்பாளி பூச்சி இல்ல, வேற இனம். ஆப்பிரிக்காவுல பல நாட்டுல குச்சிக்கிழங்க அழிச்ச பூச்சி, அங்க 1980-கள்ல அனகைரஸ் லோபஸிங்கற குளவிய விட்டு அடக்கினாங்க, அதுக்காக ஹான்ஸ் ஹெரன்ங்கற விஞ்ஞானிக்கு 1995-ல உலக உணவுப் பரிசு குடுத்தாங்க. அதே குளவிய பெனின் நாட்டுல இருந்து வரவழைச்சு 2022 மார்ச்ல சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல முதல்ல வெளிய விட்டாங்க. நல்ல வேலை, மனசார பாராட்டறேன். ஆனா இது பத்தின செய்தியில இத்தனை ஆயிரம் குளவி விடப்பட்டதுன்னுதான் வரும், எங்களுக்கு வேண்டியது அது இல்ல. எந்த ஊர்ல, எந்த மாசத்துல, நூறு மாவுப்பூச்சிய எடுத்து பார்த்தா எத்தனைல குளவி இறங்கியிருக்கு, அந்த எண்ணு மாசா மாசம் ஏறுதா இறங்குதா, அதை போடுங்க. அது ஏறுதுன்னு தெரிஞ்சா மருந்து டப்பாவ கீழ வைக்க எங்க ஆளுங்க தயாரா இருக்காங்க, இறங்குதுன்னா இன்னும் குளவி வேணும்னு வேளாண் அலுவலகத்துக்கு போய் கேப்போம். மாவட்ட பதிப்புல மாசத்துக்கு ஒரு தடவை நாலு வரி இடம் ஒதுக்கினா போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர், விலங்கியல் ஆசிரியர்,
நாமக்கல் மாவட்டம்.